ரஷ்யா வீட்டு மாப்பிள்ளை

அமெரிக்கா 2090ஆம் ஆண்டில் கவிழும் என்று மஸாஹிர் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாண் துண்டைக் கிழித்துச் சம்பலில் தோய்க்கும் நேரத்தில். சீனாவுக்கு 2075 வரைதான் கொடுத்திருந்தார். பிரித்தானியா எப்போதோ புறப்பட்டுப் போய்விட்டது, பின்னால் ஓடினாலும் பிடிக்க ஏலாது என்பார். இந்தியா பக்கத்தில் இருப்பதால் அதைப் பற்றிச் சத்தமாகக் கதைப்பதில்லை.

இந்த முடிவுகளை அவர் அந்தந்த அரசாங்கங்களுக்கு அறிவிக்கவில்லை. நீல மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதி, அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டார். கொப்பி அவருக்குப் பழகிய சாமான். பாலாவிச் சந்தியில் முப்பத்தொரு வருடங்கள் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர் அவர். வந்த நேரம் ஒரு கோட்டில், புறப்படும் நேரம் இன்னொரு கோட்டில். ஆறு நாற்பது என்று அவர் எழுதிய பஸ் ஒருநாளும் ஆறு நாற்பதுக்குப் புறப்பட்டதில்லை. டிரைவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், கண்டக்டர் இன்னும் நாலு பேர் ஏறட்டும் என்பார். கண்ணுக்கு முன்னால் நிற்கிற பஸ் எப்போது போகும் என்று சொல்ல முடியாத மனிதருக்கு, கடலுக்கு அப்பால் இருக்கிற வல்லரசுகள் போகும் வருடம் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு வந்த வினை. மூத்த மகன் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தான். அந்தப் போனுக்குள் உலகம் முடியப்போகிறது என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்கிற நூற்றுக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் மஸாஹிர் நம்பினார். இருவர் எதிரும் புதிருமாகச் சொன்னால் நடுவில் ஒரு வருடத்தைத் தானே போட்டுக்கொண்டார்.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் வாஷிங்டனுக்கும் நஷ்டமில்லை, பாலாவிக்கும் நஷ்டமில்லை. ஆனால் மஸாஹிருக்கு ஸம்ஹா என்று ஒரு மகள் இருந்தாள். இருபத்தேழு வயது, புத்தளம் டவுனில் இரத்தம் சோதிக்கிற லெப் ஒன்றில் வேலை. அவளைக் கட்டிக் கொடுத்தால், குறைந்தது முந்நூறு வருடமாவது நிலைக்கும் ஒரு நாட்டில் இருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் என்று அவர் உறுதியாக இருந்தார்.

சிரிக்க வேண்டாம். அந்த உறுதிக்கு ஒரு காரணம் இருந்தது. நாடு கடனடைக்க முடியாமல் வங்குரோத்தான அந்த வருடம், சமையல் கேஸ் வாங்குவதற்கு மஸாஹிர் இரண்டு பகலும் இரண்டு இரவும் லைனில் நின்றார். மூன்றாம் நாள் வெயிலில், அடுத்த ஆளின் சிலிண்டரோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த தன் வெறும் சிலிண்டரின் மேலேயே மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினார்கள். எழும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, தன் இடம் போய்விட்டதா என்பது. அன்றைக்கே மனதுக்குள் எழுதிக்கொண்டார்: என்னுடைய மகள், அவளுடைய மகள், அவளுடைய மகளின் மகள், ஒருத்தியும் லைனில் நிற்கக் கூடாது.

அதனால் மாப்பிள்ளைமார் வந்தார்கள், போனார்கள். லண்டனில் ஒரு டொக்டருக்குக் கேட்டு வந்தார்கள். போன பஸ்ஸில் ஏறச் சொல்கிறீர்களா என்றார் மஸாஹிர். அமெரிக்காவில் ஒரு இஞ்சினியர். எழுபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஹயாத்து என்று கொப்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இஞ்சினியரின் தாய், அது தன் மகனின் ஆயுளுக்கு இட்ட சாபம் என்று விளங்கிக்கொண்டு எழும்பிப் போனாள். கட்டாரில் ஒருவர். எண்ணெய் முடிந்தால் என்ன செய்வது என்று மஸாஹிர் கேட்டார். கட்டார்க்காரருக்கு அதற்கு விடை தெரியவில்லை. கட்டாருக்கே தெரியாது.

மனைவி ஸக்கியா கற்பிட்டியில் பிறந்தவள். கொப்பியோடு புருஷன் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இஞ்ச பாருங்க, எங்கட ஊருல ஒல்லாந்தர் கோட்டை கட்டின நேரம், முந்நூறு வருஷம் இருப்பம் எண்டுதான் கட்டியிருப்பாங்க. கோட்டை இரிக்கி. ஒல்லாந்தரத்தான் காணல்ல."

அதனால்தான் நான் ஒல்லாந்து மாப்பிள்ளை பார்க்கவில்லை என்று மஸாஹிர் பதில் சொன்னார்.

ஸம்ஹாவின் மனதில் இருந்தது எந்த வல்லரசும் இல்லை. நுரைச்சோலை அக்மல்தான். போன வருடம் தன் உம்மாவுக்கு இரத்தத்தில் சீனி பார்ப்பதற்காக லெப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன், அடுத்த மாதம் தனக்குச் சீனி பார்க்க வேண்டும் என்று தனியாக வந்தான். வெறும் வயிற்றோடு, காலை முதல் பஸ்ஸில், ஒரு சொட்டுத் தேத்தண்ணீரும் குடிக்காமல். சீனி எண்பத்துநாலு. வயலில் வேலை செய்கிற முப்பது வயது மனிதனுக்கு இருக்க வேண்டியது. அதற்கடுத்த மாதமும் வந்தான். எண்பத்தாறு. நாலாவது மாதம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஸம்ஹா கேட்டாள், உங்களுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன் என்றான் அவன். அன்றைக்கு மட்டும் இரண்டு தரம் குத்த வேண்டியிருந்தது.

ஆனால் அக்மலின் உம்மா மர்ளியாவுக்குப் பொறுமை குறைவு. வெங்காயம் பிடுங்கி முடிவதற்குள் பாலாவியில் ஒரு முடிவு வராவிட்டால், கற்பிட்டியில் பார்த்து வைத்திருக்கிற பெண்ணைப் பேசிவிடுவேன் என்று மகனிடம் சொல்லியிருந்தாள். வெங்காயத் தாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஸம்ஹா அவனுக்குச் செய்தி அனுப்பினாள்: ஆரையாவது அனுப்புங்க.

அவன் அனுப்பியது கல்யாணம் பேசுகிற பாயிஸ் நானாவை.

பாயிஸ் நல்ல மனிதர், அந்தத் தொழிலில் இருந்தும் பொய் சொல்லாதவர். முன்விறாந்தையில் கதிரையில் சாய்ந்துகொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். ரஷ்யா வீட்டு மாப்பிள்ளை. காணி இருக்கிறது, வாகனம் இருக்கிறது, சொந்தக் காலில் நிற்கிற ஆள், சிகரெட்டுகூடத் தொடுவதில்லை. 

பாலாவியில் இருந்து நுரைச்சோலைக்குப் போய்க் கேட்டால், ரஷ்யா வீடு என்றால் எது என்று ஆடு மேய்க்கிறவனும் காட்டுவான். நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு அக்மலின் வாப்பாவுடைய வாப்பா சோவியத் ட்ரெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு விழுந்த பெயர். அந்த வீட்டில் ஒருவரும் ரஷ்யாவைக் கண்டதில்லை. மர்ளியாவை ஊரே ரஷ்யா மாமி என்றுதான் கூப்பிடும், வீட்டு நாயும் ரஷ்யா நாய்தான். அதனால் பாயிஸுக்கு ஊர்ப் பெயரைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் நுரைச்சோலை பஸ்ஸை முப்பத்தொரு வருடம் எழுதி அனுப்பிய மஸாஹிர் அந்த ஊரில் ஒருநாளாவது இறங்கிப் பார்த்ததில்லை.

"ரஷ்யாவா?" என்று மெதுவாகக் கேட்டார். 

"ஓம், ரஷ்யாதான்," என்றார் பாயிஸ்.

திரைக்குப் பின்னால் நின்ற ஸம்ஹாவுக்கு வாப்பாவின் குரலிலேயே விளங்கிவிட்டது. வெளியே போய் அது வீட்டின் பெயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்குக் காலெடுத்தும் வைத்தாள். அப்போது உம்மா, தேத்தண்ணீருக்குப் பிஸ்கட் எடுத்து வை என்று குசினிக்குள் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது பாயிஸ் போயிருந்தார். மஸாஹிர் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார்.

ரஷ்யாவை அவர் முன்பு கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒருதரம் நடுவழியில் உடைந்து, பெயின்ற் மாற்றிக்கொண்டு வந்த பஸ் என்று ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது இரண்டு நாட்கள் சாப்பாட்டையும் மறந்து ஆராய்ச்சி செய்தார். உலகத்திலேயே பெரிய நிலம். எண்ணெயும் இருக்கிறது, கேஸும் இருக்கிறது. முக்கியமாகக் கேஸ். மேலே பனி, பனியை எவன் வந்து பிடிக்கப்போகிறான்? மூன்றாம் நாள் முந்நூற்று இருபது வருடம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மகளுக்குக் கல்யாணம் பேசி வந்த நாடு என்றால் பனிகூட ஒரு பலமாகத் தெரிகிறது. இப்படித்தான் உலகம் முழுவதும் பெரிய பெரிய நிபுணர்களும் ஆராய்கிறார்களோ என்னவோ.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு வரச் சொல்லிப் பாயிஸுக்குச் செய்தி போனது. அதற்குள் சந்தி முழுவதும் கதை பரவிவிட்டது, பரப்பியவர் மஸாஹிர்தான். சலூனில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார். சந்தியில் திரீவீல் ஓட்டுகிற சாள்ஸிடம் மூன்று தரம் சொன்னார். பழைய உடுப்புக் கடையில் தடித்த சாம்பல்நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்து, மகளைப் பார்க்கப் போகும்போது தேவைப்படும் என்று அலுமாரியில் தொங்க விட்டார். வெளியே முப்பத்துநாலு பாகை வெயில். ஸம்ஹா அந்த ஸ்வெட்டரைக் கண்டதும் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். வாப்பா அதன் கையை நீவிவிட்டு, "கம்பளி, மகள். அசல் கம்பளி," என்றார். அவள் அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விருந்தாளிகள் விமான நிலையப் பக்கத்தில் இருந்து வருவார்கள் என்று, மஸாஹிர் முற்றத்துக் கதிரைகள் எல்லாவற்றையும் கொழும்பு வீதியைப் பார்க்கப் போட்டு வைத்தார். தானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மதிலுக்கு வெளியே ரஷ்யாக்காரரைப் பார்ப்பதற்காகச் சாள்ஸும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள்.

நாலரைக்குச் சரியாக, முதுகுப் பக்கம் இருந்து, கற்பிட்டி வீதியால் ஒரு ட்ரெக்டர் வந்தது. பெட்டியில் இரண்டு மூடை வெங்காயம், நாலு பூசணிக்காய், ஒரு ஆட்டுக்கடா. பின்னால் ஒரு திரீவீலில் மர்ளியாவும் பாயிஸும்.

மஸாஹிர் திரும்பிப் பார்த்தார். முதலில் அவர் கண் போனது கைக்கடிகாரத்துக்கு. முப்பத்தொரு வருடத்தில் அவர் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்த முதல் வாகனம் அது. அந்தத் திகைப்பில், ஒரு வாரமாகப் போனைப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்த ரஷ்ய நன்றி வாயில் இருந்து தானாக வந்தது. வட்டிலப்ப இனிப்புச் சட்டியோடு இறங்கிய மர்ளியாவைப் பார்த்து, "ஸ்பஸீபா," என்றார்.

"பசிக்கிதா?" என்றாள் மர்ளியா. "அல்லாஹ், பகலும் சாப்பிடல்லயா நீங்க? புள்ள, இந்த வட்டிலப்பத்த முதல்ல வெட்டி மாமாவுக்குக் குடுங்க."

மஸாஹிர் வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். வெள்ளைச் சேட்டு, கையில் கழுவியும் போகாத கிரீஸ்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான் மாமா. நேர வீட்டுலேந்து."

"எத்தின மணித்தியாலம் பயணம்?"

"ஒண்டேகால். பஸ் எண்டா நாப்பது நிமிஷம்."

மஸாஹிர் வட்டிலப்பத் தட்டைக் கதிரையில் வைத்தார்.

"எங்கேந்து?"

"நுரைச்சோலை மாமா. ரஷ்யா வீடு எண்டு கேட்டா ஆரும் காட்டுவாங்க."

மதிலுக்கு வெளியே முதலில் சாள்ஸுக்குத்தான் விளங்கியது. அவன் சிரிக்கவில்லை, இருமினான். அப்படி ஒரு நீண்ட இருமலைப் பாலாவி கேட்டதில்லை.

மஸாஹிர் எழும்பி அறைக்குள் போய்விட்டார். ஸம்ஹா பின்னாலேயே போனாள். அவர் கட்டிலில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அலுமாரிக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஸ்வெட்டர் தொங்கியது.

"நீயும் தெரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஓம் வாப்பா."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க முந்நூத்தி இருவது வருஷம் குடுத்தீங்க வாப்பா. ஒருத்தருக்கும் அவ்வளவு குடுக்கல்ல. எனக்கு வாய் வரல்ல."

"அது நாட்டுக்குக் குடுத்தது."

"நான் நாட்டோட குடும்பம் நடத்தப் போறல்ல." அவள் கட்டிலின் மற்ற முனையில் உட்கார்ந்தாள். "வெங்காயம் அடுத்த கிழமை புடுங்கி முடிஞ்சிரும். அதுக்குப் பொறகு மர்ளியா மாமி கற்பிட்டியில பேசிருவாங்க. உங்களுக்கு ஆளப் புடிக்கல்ல எண்டா இப்பவே சொல்லுங்க, நான் கேக்கிறன். ஆனா ஆளப் பாத்துட்டு சொல்லுங்க. 2075 எண்டு மட்டும் சொல்லாதீங்க."

மஸாஹிர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு, அவங்கட வீட்டுல கேஸ் என்ன மாதிரி என்று கேட்டார்.

"வெறகு அடுப்பு வாப்பா. லைன் தேவல்ல."

அவர் எழும்பி வெளியே வந்தார். மாப்பிள்ளையோடு கதைக்காமல் நேரே ட்ரெக்டருக்குப் போனார். வல்லரசுகளை மாத்திரம் விசாரித்துப் பழகிய மனிதர், அதையும் ஒரு வல்லரசின் தூதுவர் போல விசாரித்தார். எத்தனையாம் ஆண்டு என்று கேட்டார். எழுபத்தெட்டு என்றான் அக்மல். செய்த நாடுதான் மௌத்தாகிவிட்டதே என்றார். தொண்ணூற்றொன்றில் அந்த நாடு இல்லாமல் போன செய்தி ரேடியோவில் வந்த அன்றைக்கு இது வெங்காயக் காணியில் உழுதுகொண்டிருந்ததாம். சத்தத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று வாப்பா சொல்லுவார் என்றான் அவன்.

"சாமான் எங்கால வருது?"

"வாறல்ல மாமா. ஒடஞ்சா இஞ்ச கொண்டு வாறதான். உங்கட சந்தியில அன்ரனிப்பிள்ளை ஐயாட லேத்துல கடைஞ்சி போடுவம்."

அன்ரனிப்பிள்ளையின் லேத்துப் பட்டறை, டைம் கீப்பர் பெட்டியில் இருந்து இருபது அடி. அந்தச் சத்தத்தால் தன் காது போனதென்று மஸாஹிர் முப்பத்தொரு வருடம் புறுபுறுத்திருக்கிறார். மறைந்துபோன ஒரு வல்லரசு அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"அப்ப இதுல ரஷ்யா எவ்வளவு மிச்சம்?"

அக்மல் யோசித்தான். "பேரு இரிக்கி மாமா. பம்பருக்கு மேல ரெண்டு எழுத்தும் இரிக்கி."

மஸாஹிர் அந்த இரண்டு எழுத்தையும் விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு, அவருக்கு மிகவும் முக்கியமான கேள்வியைக் கேட்டார். டீசல் இல்லாத அந்த வருடம் என்ன செய்தீர்கள் என்று. எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், எப்படியும் எடுத்துவிடுவோம் என்று வேறொருவன் பெருமை அடித்திருப்பான்.

"லைன்லதான் நிண்டன். நாலு நாள். பாலாவி பெற்றோல் செட்டுல."

"எத்தினாவது ஆள்?"

"நூத்தி நாப்பத்தாறு."

யோசிக்காமல் சொன்னான். லைனில் நின்ற மனிதன் அந்த இலக்கத்தை மறப்பதில்லை. மஸாஹிர் அவனை அப்போதுதான் முகத்துக்கு நேரே பார்த்தார்.

"நான் கேஸ் லைன்ல எழுவத்தி மூண்டு," என்றார். "ரெண்டு நாள் நிண்டு, உழுந்தும் போனன். எழும்பிப் பாக்கக்குள்ள எழுவத்தி மூண்டு எழுவத்தி மூண்டாத்தான் இருந்திச்சி. ஒருத்தரும் முந்தல்ல."

"எங்கட லைன்லயும் அப்படித்தான் மாமா. மௌத்து வீட்டுக்குப் போய் வந்த ஒராளுக்கும் எடத்த வச்சிக் குடுத்தம்."

அதற்குப் பிறகு இருவரும் அந்த லைன்களைப் பற்றியே கதைத்தார்கள். எந்த இடத்தில் நிழல் இருந்தது, பால் போடாத பிளேன்டி கொண்டு வந்து தந்தது யார், எந்தப் பொலிஸ்காரன் நல்லவன். ஒரு கலியாணம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையும் மாமனாரும் இவ்வளவு ஆசையாக வேறு எதைப் பற்றியும் கதைத்திருக்க முடியாது. மர்ளியா சாடையாக இருமினாள், பாயிஸ் மூன்றாவது துண்டு வட்டிலப்பத்தை எடுத்தார்.

சாள்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை. மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான்.

"மஸாஹிர் நானா, ரஷ்யாக்காரர் எப்ப வாராங்களாம்?"

ஸம்ஹா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தவறு நடந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டால், மஸாஹிர் இனிச் சந்திப் பக்கம் தலை காட்ட முடியாது. அவர் கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார்.

"வந்திட்டாங்க," என்றார். "நாலரைக்கே வந்திட்டாங்க. ரஷ்யா வீடு எண்டுதானே நான் சொன்னன்? உனக்குத்தான் காது கேக்கல்ல. அன்ரனிப்பிள்ளைட லேத்துக்குப் பக்கத்துல நிண்டா அப்படித்தான்."

அன்றிரவு ஸம்ஹா குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, பாயிஸ் வந்த அன்றைக்கு நான் வாப்பாவிடம் சொல்லத்தான் இருந்தேன், நீங்கள்தான் பிஸ்கட்டுக்குக் கூப்பிட்டீர்கள் என்றாள். அந்த நேரம் வீட்டில் பிஸ்கட்டே இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கற்பிட்டியில பொறந்தவளுக்கு ரஷ்யா வீடு தெரியாதா," என்றாள் ஸக்கியா, கோப்பையைத் துடைத்தபடி.

வெங்காயம் விற்று முடிந்த மாதம் நிக்காஹ் நடந்தது. மாமனாரின் ஆசைக்காக மாப்பிள்ளை அந்தக் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஸம்ஹாவோடு ஒரு படம் எடுத்தான். மூன்று நிமிடம்தான், அதற்குள் வியர்வையில் குளித்துவிட்டான். மணப்பெண் சிரித்த சிரிப்பில் அந்தப் படத்தில் அவள் முகம் மங்கலாகத் தெரிகிறது. இருந்தும் அதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிட்டான். கூடவே ட்ரெக்டரும் வந்தது. இப்போது பாலாவியில் ரஷ்யா மஸாஹிர் வீடு என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். அதிகாலையில் அவர் முற்றத்தில் கடிகாரத்தோடு நிற்பார். ஐந்து நாற்பது என்று எழுதினால் ட்ரெக்டர் ஐந்து நாற்பதுக்குப் புறப்படுகிறது. அந்தப் பெருமையில் மற்ற நாடுகளைக் கொஞ்சம் மறந்திருந்தார்.

முழுவதும் மறக்கவில்லை. போன கிழமை ஸம்ஹா தனக்கு ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு, அதன் முடிவை முதலில் அக்மலிடமும் பிறகு உம்மாவிடமும், உம்மா மூலமாக வாப்பாவிடமும் சொன்னாள். மஸாஹிர் அலுமாரியைத் திறந்து நீலக் கொப்பியை எடுத்தார். பேரப்பிள்ளை வருகிற சந்தோஷத்தில் கை தாராளமாகிவிட்டது. அமெரிக்காவுக்குப் பத்து வருடமும், சீனாவுக்குப் பத்து வருடமும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

அவர்களுக்கு இன்னும் அறிவிக்கவில்லை.